இத்தாவில் ஒரு ரூட்டர்

என் கணவர் இறந்த நாற்பத்தோராம் நாள், எங்கள் வீட்டு ரூட்டர் ஏழாவது முறையாக அப்டேட் ஆகவில்லை என்று சொன்னது. முதல் ஆறு முறையும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏழாவது முறை மேசையை ஒரு குத்து குத்தினேன். அந்த நாட்களில் எனக்குள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது கோபம் ஒன்றுதான். மற்றதெல்லாம் பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மரத்துக் கிடந்தது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் மாடி வீடு எங்களுடையது. ஒரு ஹால், ஒரு உள்ளறை, ஒரு சமையலறை. காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரி துறைமுகத்திலிருந்து வரும். என் கணவர் திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்தார். ஒரு நாள் மதியம் சாப்பிட்டு, டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். டிபன் கேரியர் சுத்தமாக வீடு வந்து சேர்ந்தது.

எங்கள் வழக்கத்தில் கணவர் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. இத்தா இருப்பது என்று பெயர். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "அழுதுடும்மா, உள்ளயே வெச்சிக்கினு கீறியே, நெஞ்சு வெடிச்சிடும்." நான் சரி என்று தலையாட்டுவேன். அழுகை என்ன, குழாயைத் திறந்தால் கொட்டுவதா? எங்கள் தெருவில் குழாயைத் திறந்தாலும் ஒன்றும் வராது, அது வேறு விஷயம்.

நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களை கம்ப்யூட்டரில் அடிப்பதுதான் வேலை. முதலாளி மோசமான மனிதர் இல்லை. "நாலு மாசம் சீட்ட காலியா வெச்சிருக்க முடியாதும்மா. இப்பல்லாம் வீட்டிலேர்ந்தே தாக்கல் பண்ணலாமே. உன்னால முடியுதான்னு பாரு" என்று போனில் சொன்னார். முடியும் என்றேன். இரண்டு வாரமாக முடியவில்லை. பாதிப் படிவம் அடிக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அடித்தது அத்தனையும் போய்விடும். மறுபடி முதல் கட்டத்திலிருந்து. மூன்றாவது வாரம் முதலாளி சொன்னார்: "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற ஆளு போட்டுத்தான் ஆவணும்."

அந்த வேலை போனால் என்ன ஆகும் என்பது எனக்கும் என் மாமியாருக்கும் மனப்பாடம். வீட்டு வாடகை கட்ட முடியாது. புழலில் குடியிருக்கும் என் அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்: "இத்தா முடிஞ்ச அன்னிக்கே வண்டி எடுத்தாந்துடறேன், நீ நம்ம வூட்டுக்கு வந்துடு." நான் புழலுக்குப் போனால் மாமி ஆம்பூரில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் மகளுக்கே ஒரு மூலைதான். அவளுடைய மாமியார், நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று பதினொரு பேர். மாமி அங்கே நான்கு நாள் தங்கியதைப் பற்றி நான்கு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. மாமிக்கு இருந்த ஒரே மகன் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஆறு வருஷம் ஒரே சமையலறையில் சண்டை போட்டுப் பழகியவர்கள். பழகிய சண்டையை விட்டுவிட்டுப் போக இருவருக்கும் மனமில்லை. அதை இருவரும் வாயைத் திறந்து சொன்னதும் இல்லை.

ரூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை வாங்கியது, மாட்டியது, அது முரண்டு பிடித்தால் தட்டியது எல்லாம் என் கணவர்தான். போன் லைன் ஹாலில் இருந்தது; கம்ப்யூட்டர் உள்ளறையில். நடுவில் வயர் இழுத்தால் சுவர் கெட்டுப்போகும் என்று மாமி சொன்னதால்தான் வயர்லெஸ் வாங்கினார். வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் உள் புரோகிராம், பழசாக இருக்கிறது, புதுசு போட்டால் அறுந்து அறுந்து போவது சரியாகிவிடும் என்றாள். அப்புறம் கேட்டாள்: "உங்க வீட்ல இதை வழக்கமா யார் பாத்துப்பாங்களோ, அவங்ககிட்ட குடுங்க மேடம்."

"அவர் இல்லை" என்றேன்.

"எப்ப வருவார் மேடம்?"

"வர மாட்டார்."

"அப்படின்னா நீங்களே பண்ணலாம் மேடம். ரொம்ப ஈஸி."

ரொம்ப ஈஸியான அந்த வேலையைத்தான் ஏழு தடவை செய்தேன். கம்பெனியின் இணையதளத்தில் போய் எங்கள் மாடலைத் தேடி, ஃபைலை இறக்கி, ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, அவர் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, ஃபைலைக் கொடுத்தால், பத்து விநாடி யோசித்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின் மூலையில் இரண்டாயிரம் ஜனவரி ஒன்று என்று தேதி காட்டியது. கரண்ட் போய் வந்தால் அந்தப் பெட்டிக்கு எல்லா நாளும் அதே நாள்தான். அந்தத் தேதியில் எனக்கு அவரை யாரென்றே தெரியாது. வேறு யாராவதாக இருந்தால் அதைப் பார்த்து உடைந்திருப்பார்கள். எனக்குத் தோன்றியது, தேதி தப்பாக இருப்பதால்தான் அப்டேட் ஆகவில்லையோ என்பது மட்டும்தான். தேதியைத் திருத்தினேன். அப்போதும் ஆகவில்லை.

மேசையைக் குத்திய சத்தம் கேட்டு மாமி சமையலறையிலிருந்து வந்தார். என்னையும் பெட்டியையும் பார்த்தார். என் கணவரின் டைரியைப் புரட்டி, ரூட்டரை விற்ற வண்ணாரப்பேட்டைக் கடைக்காரரின் நம்பரைக் கண்டுபிடித்துத் தானே போன் போட்டார். ஜன்னலோரம் நான் நின்றாலே திரையை இழுத்து விடுகிற மாமி, ஒரு ஆண்பிள்ளையை வீட்டுப் படிக்கட்டுக்கு வரச் சொன்னதை நான் ஆச்சரியப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியமும் மரத்துத்தான் போயிருந்தது.

சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கடைக்காரர் வந்தார். வந்தார் என்றால், ஒரு இருமல் வந்தது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம். மாமி வாசலில் பூப்போட்ட பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டியிருந்தார். அதற்கு அந்தப் பக்கம், படியின் கடைசித் தட்டில் அவர் உட்கார்ந்துகொண்டார். முன்னாளில் ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர் என்று என் கணவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குரலை வைத்து ஐம்பது தாண்டியவர் என்று நினைத்தேன்.

"விசயம் தெரியாது பெரீம்மா. இப்பத்தான் கேள்விப்பட்டேன். நல்ல மனுசன். கடைக்கு வந்தா டீ வாங்கிக் குடுக்காம போவமாட்டாரு" என்றார். மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொட்டிய பாருப்பா" என்றார்.

"நான் எங்க பாக்கறது? உள்ள வரக் கூடாதே. தங்கச்சியவே பாக்கச் சொல்லு. நான் சொல்றேன்."

மாமி ஒரு ஏற்பாடு செய்தார். என் குரல் வெளியே கேட்க வேண்டாம். அவர் சொல்வதை மாமி என்னிடம் சொல்வார், நான் சொல்வதை மாமி அவரிடம் சொல்வார். மூவருக்கும் நடுவே மொத்தம் எட்டடி தூரம். அவர் சொல்வது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் மாமி ஒரு தடவை திருப்பிச் சொல்லும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

"கேபிள் மாட்டிப் போட்டாங்களா, இல்ல காத்துலயே போட்டுகினு கீறாங்களா?"

"கேபிளா, காத்தான்னு கேக்கறாரு" என்றார் மாமி.

"வயர்லெஸ்லதான் போட்டேன்."

"காத்துலதானாம்."

"ஐயோ, அது தப்பு பெரீம்மா. பாதியில அறுந்துச்சுன்னா பேஜாரு. கம்ப்யூட்டர பொட்டிகிட்ட கொண்டாந்து கேபிள் மாட்டச் சொல்லு."

பெட்டியோடு வந்த கேபிள் ஒரு முழம்தான் இருந்தது. நானும் மாமியும் கம்ப்யூட்டர் மேசையை அப்படியே ஹாலுக்குத் தள்ளினோம். அந்தக் காலத்து மானிட்டர், ஒரு மூட்டை சிமெண்ட் கனம். தள்ளி முடித்தபோது எனக்கும் வாசலுக்கும் நடுவில் அந்த பெட்ஷீட் ஒன்றுதான் இருந்தது. மாமி ஒரு நாற்காலியைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, கதவு மாதிரி உட்கார்ந்துகொண்டார். கேபிளை மாட்டி எட்டாவது முறை போட்டேன். ஆகவில்லை.

பிறகு அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எந்த விளக்கு எரிகிறது, எது சிமிட்டுகிறது, மானிட்டரில் என்ன வாசகம் வருகிறது, ஃபைல் பெயரின் கடைசியில் என்ன இருக்கிறது. மாமி நாலைந்து கேள்வி வரை தாக்குப்பிடித்தார். "ஜிப் ஃபைல அவுத்துட்டுப் போட்டாங்களா, மூட்டையாவே போட்டாங்களான்னு கேளு" என்று அவர் சொன்னதும், மாமி என் பக்கம் திரும்பி, "இது நம்மளால ஆவாது. நீயே சொல்லிடு தாயி" என்று கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நானே பேசினேன். நாற்பது நாளில் மாமியைத் தவிர ஒருவரிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் என்ன பேச்சு! பச்சை விளக்கு, ஆரஞ்சு விளக்கு. நான் சொல்வதில் சின்னத் தப்பு இருந்தாலும் அவர் விட மாட்டார். "மோடம்" என்று நான் சொன்னால் "அது ரவுட்டரு தங்கச்சி, மோடம் அதுக்குள்ள கீது" என்பார். "சிக்னல் வீக்" என்றால், "சிக்னல் இல்ல, லைன். சிக்னல் வேற, லைன் வேற" என்பார். ரேடியோ காலத்து ஆள். ஒரு திருகாணி மாறினாலும் தூக்கம் வராத ஜாதி. எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலாவது வருகிறதே என்று இருந்தது.

"பொட்டியத் திருப்பு. அடியில லேபிள்ல மாடல் நம்பருக்குப் பக்கத்துல ஒரு எய்த்து இருக்கும். ஏ-வா, பி-யா? அத்த சொல்லு. ஒரே மாடல்தான், ஆனா உள்ள கீற போர்டு வேற வேற. ஏ ஃபைல பி-க்குப் போட்டா ஏத்துக்காது."

திருப்பினேன். லேபிளின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பச்சை நிறத்தில், எழுநூற்று எண்பத்தாறு.

அது மாமியின் வேலை. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கேஸ் அடுப்பு, மின்சார மீட்டர் எதுவாக இருந்தாலும், பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் வாங்கிய அந்த ஸ்டிக்கர் அதன் மேல் ஒட்டப்படும். இறைவன் பேரால் தொடங்குகிறோம் என்பதற்கான எண். ரூட்டர் வந்த அன்று மாமி அதைப் பெட்டியின் தலைமேல் ஒட்டப் போனார். மேலே காற்றுப் போக ஓட்டை இருக்கிறது, அடைத்தால் சூடாகிவிடும் என்று என் கணவர் சொன்னார். சரி என்று அடியில் ஒட்டிவிட்டார். நேராக அந்த லேபிளின் மேல். அது ஒட்டியதும் பிய்க்க முடியாத ரகம்.

"இன்னா தங்கச்சி, ஏ-வா பி-யா?"

நான் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமி எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "எழுத்து அதுக்குள்ள கீதா?" என்று மெல்லக் கேட்டார். ஆமாம் என்றேன். நான் பிய்க்க மாட்டேன், பிய்க்கச் சொல்லவும் மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அப்படி ஏதாவது செய்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு அது பேசப்படும்.

மாமி எழுந்து போனார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தொழுகைக்குப் போகிற மாதிரி கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "தண்ணி படக் கூடாது பெரீம்மா. தேங்கா எண்ண ரெண்டு சொட்டு விட்டுத் தேச்சிக்கினே இரு, வந்துடும்" என்றது திரைக்கு அந்தப் பக்கம். மாமி எண்ணெயை விரலில் தொட்டு ஓரத்தில் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். ஆறு அடி எடுத்து வைக்கக் கால் வலிக்கிறது என்கிற பெண்மணி, கால் மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் சுரண்டினார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மகன் போன அன்று ஆம்பூர் மகள் வந்து, "அம்மா, என்கூட வந்துடு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு இரண்டாம் தடவை சொல்லாமல் போனது எனக்கு நினைவுக்கு வந்தது. ஸ்டிக்கர் மூன்று துண்டாக வந்தது. மாமி துண்டுகளைத் தரையில் விழ விடாமல் எடுத்துத் தன் ஓதும் புத்தகத்துக்குள் வைத்தார். லேபிளில் இருந்தது பி.

நான் எட்டு தடவையும் போட்டது ஏ.

சரியான ஃபைல் அதே பக்கத்தில் கீழே இருந்தது. இறக்கும்போது இரண்டு தடவை இணைப்பு அறுந்து, மூன்றாவது தடவை முழுதாக வந்தது. மணி பதினொன்று நாற்பது. எங்கள் பகுதியில் அப்போது தினமும் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும். சில நாள் முன்னதாகவும் போகும்.

"யோசிச்சிப் பண்ணு தங்கச்சி. நடுவுல கரண்ட் போச்சுன்னா பொட்டி செத்துடும். அப்பால யாராலயும் எழுப்ப முடியாது" என்றார். சொன்ன உடனே அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "வாய் தவறி வந்துட்ச்சு. மனசுல வெச்சுக்காத" என்றார்.

வைத்துக்கொள்ள அப்போது எனக்கு மனசு என்று ஒன்று கைவசம் இல்லை. கரண்ட் போய்த் திரும்பி வரும் வரை காத்திருக்கலாம். ஆனால் மதியம் அவருக்குத் தண்டையார்பேட்டையில் வேறு வேலை இருந்தது. அடுத்து வர முடிவது திங்கட்கிழமை. திங்கட்கிழமை காலையில் என் முதலாளி வேறு ஆளை உட்கார வைத்திருப்பார்.

"போடறேன்" என்றேன்.

"மாமி, போடட்டுமா?" என்று கேட்கவில்லை. மாமியும் தடுக்கவில்லை. நாற்காலியை வாசலோரத்திலிருந்து என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை அழுத்தினேன். பத்து விநாடி ஆனது. முடியாது என்று வரவில்லை. ஒரு நீலப்பட்டை ஊர ஆரம்பித்தது. மூன்றில் ஒரு பங்கு, பாதி, அப்புறம் ரொம்ப நேரம் பாதியிலேயே நின்றது. மின்விசிறி சுற்றுவதையே மாமி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பட்டை மறுபடி ஊர்ந்தது. நிரம்பியது. பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. மாமி என் தோளைப் பிடித்தார். பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன.

"எரியுதா?" என்றது வெளியிலிருந்து.

"எல்லாம் எரியுது."

"அப்ப தப்பிச்சுது" என்று அவர் இருமினார்.

பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்து போயிருந்தன. அவர் சொல்லச் சொல்ல, டைரியைப் பார்த்து ஒவ்வொன்றாக மறுபடி போட்டேன். கேபிளைப் பிடுங்கிவிட்டுக் காற்றிலேயே ஒரு படிவத்தைத் திறந்து, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை அடித்தேன். அறுபடவில்லை. "பன்னண்டு வரைக்கும் உக்காந்து பாத்துட்டுப் போறேன்" என்று அவர் படியிலேயே இருந்தார். மாமி டீ போட்டு, டம்ளரைத் திரைக்கு அடியில் நகர்த்தி வைத்தார். நான் முதலாளிக்கு போன் செய்து, திங்கட்கிழமை முதல் எந்தத் தடையும் இருக்காது என்றேன். "சரிம்மா, உன் சீட்டு உனக்குத்தான்" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு பாரத்தைக் கீழே இறக்கி வைத்தால் கை கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்குமே, அப்படித்தான் இருந்தது.

மாமி ரூட்டர் பக்கத்தில் நின்று, அதன் மேல் லேசாகக் கையை வைத்தார். சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா" என்றார். அரிசி என்ன விலை என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். "இந்தப் பொட்டிய அவுத்துகினு போய் உங்க அண்ணன் வூட்ல மாட்டுனா, அங்கியும் உனக்கு வேல ஓடும்ல?"

இத்தனை நேரம் இதை யோசித்துக்கொண்டுதான் சுரண்டியிருக்கிறார். பெட்டி சரியாகாவிட்டால் ஆம்பூர். சரியாகிவிட்டாலும், அது இந்த வீட்டோடு கட்டிப் போட்ட பெட்டி இல்லையே. ஒளு செய்து, எண்ணெய் தேய்த்து, தன் ஸ்டிக்கரைத் தானே பிய்த்து, என்னை அனுப்பி வைக்கிற வழியை அவரே திறந்து வைத்திருக்கிறார். தெரிந்தே செய்திருக்கிறார்.

அண்ணன் வீட்டில் போன் லைன் இருந்தது. பெட்டி அங்கே தாராளமாக ஓடும்.

"ஓடாது மாமி" என்றேன். "இது இந்த வூட்டு லைனுக்குன்னே செட் பண்ணது. வேற வூட்ல மாட்டுனா எரியவே எரியாது."

சொன்ன பிறகுதான் வெளியே ஆள் இருப்பது உறைத்தது. காலையிலிருந்து என் வாயில் வந்த ஒரு தப்பையும் திருத்தாமல் விடாத ஆள். சிக்னல் வேறு, லைன் வேறு என்று பிரித்துக் கொடுத்த ஆள். திரைக்கு அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மாமியும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு இருமல் வந்தது.

"ஆமா பெரீம்மா" என்றார் அவர். "தங்கச்சி கரெக்டா சொல்லுது. இந்த வூட்டத் தவிர வேற எங்கியும் ஓடாது."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. மாமி டம்ளரை எடுக்கப் போனார். நாற்பத்தோரு நாளுக்கு அப்புறம் எனக்கு அழுகை வந்தது, கம்ப்யூட்டர் முன்னால், ஹாலில், சத்தமாக. மாமி டம்ளரோடு திரும்பி வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.